மூன்று கட்டங்களுக்குள் அடங்காத வள்ளங்கள்

போன மாதம் கொழும்பிலிருந்து பஸ்மினா தொலைபேசியில் கூப்பிட்டாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்கள் என் பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"ரஞ்சி அக்கா, இப்ப டேபிள் டிசைன் எல்லாம் தேவையில்ல. தரவு என்ன வடிவத்தில வந்தாலும் அப்படியே தூக்கி உள்ளுக்குப் போடலாம். ஒரு வரியில மூணு விசயம் இருக்கும், அடுத்த வரியில முப்பது இருக்கும். அது பேசாம வாங்கி வைக்கும்."

"வைக்கும் பிள்ளை. எடுக்கேக்க என்ன செய்யும்?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. அதுதான் பிரச்சினையாம். அவளுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் ஒரே விசயத்தை ஐந்து பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது எது எது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். "அந்த வள்ளத்துக் கதைய எழுதித் தாங்க அக்கா, இதுகளுக்கு வாசிக்கக் குடுக்கணும்" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடக்கமாக எழுதுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. நான் போட்ட அட்டவணை நல்ல அட்டவணை. அதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. திருகோணமலைப் பட்டினத்தில் பிறந்தேன், உயர்தரம் முடித்தேன், தட்டெழுத்துப் பழகினேன். பிறகு கொழும்பில் மாமா வீட்டில் தங்கி ஒரு கணினி வகுப்புக்குப் போனேன். அங்கே சொல்லித்தந்த உதாரணங்கள் எல்லாம் பாடசாலையும் புத்தகக் கடையும்தான். ஒரு மாணவனுக்கு ஒரு சுட்டெண், ஒரு பெயர், ஒரு விலாசம். எல்லாரும் ஒழுங்காகப் பிறந்து ஒரே வீட்டில் ஒழுங்காக இருந்தார்கள். நான் ஊருக்குத் திரும்பி வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். அப்போது எங்கள் மாவட்டத்தில் அப்படி இருந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வேலை கிடைத்தது பட்டினத்திலேயே, ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில், கடற்றொழிலாளருக்கான ஓர் அலுவலகத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம். போர் நடந்த அந்த நாட்களில் கடலுக்குப் போவதற்குப் 'பாஸ்' என்ற அனுமதி வேண்டும். எந்த வள்ளம், அதில் யார் யார், எந்த இறங்குதுறை என்று முதலே கொடுக்கவேண்டும். விடியப் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடவேண்டும். ஊர்ச் சங்கங்கள் தரும் பெயர்களை நாங்கள் கணினியில் ஏற்றி, பட்டியலாக அச்சடித்து, மேலிடத்துக்கு அனுப்புவோம். மேலிடத்தில் அதைத் தங்களுடைய படிவத்தில் மாற்றி எழுதி இறங்குதுறைக் காவலுக்குக் கொடுப்பார்கள். திரும்பி வரும் வள்ளத்தில் இருப்பவனின் பெயர் அந்தத் தாளில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் வேறு எவனோ ஒருவன். வேறு எவனோ ஒருவனாக இருப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு ஆபத்து என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பு சிவபாதம் சேர். நெடிய மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை. கணினிக்கு முன்னால் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. திரையை வாசிக்கவும் மாட்டார். அச்சடித்த தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் அடிமட்டத்தை வைத்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வருவார். அந்த நேரம் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் அறையில் இருக்காது. தேநீர் கொண்டுவருபவர் முதல் எல்லாருக்கும் 'நீங்கள்'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தயவுசெய்து" என்று தொடங்கினாரென்றால் நாங்கள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

அவருடைய நடைமுறைகள் சில எனக்கு அப்போது எரிச்சலைத் தந்தன. கார்பன் வைத்த இரட்டைத் தாளில்தான் அச்சடிக்கவேண்டும். மேல்தாள் மேலிடத்துக்கு, கீழ்த்தாள் எங்கள் கோவைக்கு. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கவேண்டும். பதியப் பதிய இலக்கம் ஏறிக்கொண்டே போகவேண்டும். ஒருமுறை கொடுத்த இலக்கத்தை வேறொரு வரிக்குக் கொடுக்கக்கூடாது. பிழையான வரியைக்கூட அழிக்கக்கூடாது. அதற்குப் பக்கத்தில் 'ரத்து' என்று குறித்து, சரியானதைக் கீழே புதுவரியாகப் பதியவேண்டும்.

"அழிக்கிற வேலை என்ர கந்தோரில இல்லை, மிஸ். பிழை விட்டால் பிழையும் கிடக்கட்டும்."

"இடம் நிறையப் பிடிக்கும் சேர்."

"பிடிக்கட்டும். இடம் காணாட்டிச் சொல்லுங்கோ, நான் எழுதிக் கேக்கிறன்."

எங்களுக்கு முதலில் வந்தது மேலிடத்தின் படிவம். அதை அப்படியே அட்டவணையாக்கும்படி சொன்னார்கள். வள்ள இலக்கம், உரிமையாளர், இயந்திர இலக்கம், ஆள் ஒன்று, ஆள் இரண்டு, ஆள் மூன்று. ஒரு வள்ளத்துக்கு ஒரு வரி. வகுப்பில் படித்த மாணவர் பட்டியலைப் போல் வடிவாக இருந்தது. ஊர்ச் சங்கங்களுக்கு அனுப்பினோம். நிரப்பி வந்ததும் வடிவு போய்விட்டது.

சாம்பல்தீவில் நான்கு சகோதரர்களுக்குச் சேர்ந்து ஒரு வள்ளம். உரிமையாளர் கட்டத்தில் நான்கு பெயரையும் நசுக்கி எழுதியிருந்தார்கள். கிண்ணியாவில் உரிமையாளர் கடை வைத்திருப்பவர், கடலில் கால் நனைத்ததே இல்லை. மூதூரில் ஒரு வள்ளத்துக்கு உரிமையாளர் ஒரு பெண். வெருகல் பக்கத்திலிருந்து வந்து பருவத்துக்கு மட்டும் தொழில் செய்கிறவர்கள் ஒரு கிழமை இந்த வள்ளம், மறு கிழமை அந்த வள்ளம். இவற்றில் எதற்கும் படிவத்தில் இடமில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. வெறுமையாக இருந்த கட்டங்களில் குடியேறிவிட்டார்கள்.

சிவபாதம் சேர் அடிமட்டத்தை ஒரு வரியில் நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், தயவுசெய்து இதைப் பாருங்கோ. இந்த வள்ளத்தின்ர என்ஜின் இலக்கம் 'குணம், தம்பி சிவம், சிவத்தின்ர மச்சான்' எண்டு கிடக்கு."

"சேர், அந்த வள்ளத்துக்கு என்ஜின் இல்லை. ஆக்கள் ஆறு பேர், கட்டம் மூண்டு. மிச்ச ஆக்களை எங்கயாவது ஏத்தவேணுமே."

"அப்ப இவை தண்டு வலிக்கிற ஆக்கள்."

"ஓம் சேர். ஒரு கணக்கில அவைதான் என்ஜின்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். அது நல்ல சகுனம். நான் விடவில்லை, மனதில் இருந்ததை அங்கேயே கொட்டினேன்.

என் திட்டம் இதுதான். வள்ளங்கள் ஓர் அட்டவணையில் இருக்கட்டும். ஆட்கள் வேறோர் அட்டவணையில் இருக்கட்டும். இரண்டையும் இணைக்க மூன்றாவது ஒன்று: இந்த ஆளுக்கும் இந்த வள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்பது. உரிமையாளரா, ஓட்டியா, தண்டு வலிப்பவரா. ஒரு வள்ளத்துக்கு ஆறு பேர் என்றால் ஆறு வரி, ஒருவர் என்றால் ஒரு வரி. கட்டத்தை அகலத்தில் கூட்டுவதில்லை, வரியைக் கீழே கூட்டிக்கொண்டு போவது. எல்லா வள்ளத்துக்கும் பொதுவாக இல்லாத சில்லறை விசயங்களுக்கு நான்காவதாக ஒரு சிறிய அட்டவணை. அதில் வள்ள இலக்கம், விசயத்தின் பெயர், அதன் விபரம், அவ்வளவுதான். என்ஜின் இருக்கிற வள்ளத்துக்கு என்ஜின் பற்றி ஒரு வரி இருக்கும். இல்லாத வள்ளத்துக்கு அந்த வரியே இருக்காது. இல்லாத பொருளுக்கு இடம் ஒதுக்கி வைத்தால்தானே அதில் ஆட்கள் ஏறுவார்கள்!

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "காவலில நிக்கிறவருக்கு உங்கட நாலு டேபிளும் விளங்குமோ? அவருக்கு ஒரு தாள்தான் வேணும்."

"அவருக்கு ஒரு தாள்தான் குடுப்பம் சேர். உள்ளுக்கு வைக்கிற விதம் வேற, வெளியில காட்டுற விதம் வேற. குசினியில சாமான் கிடக்கிற மாதிரியே கோப்பையில போடுறேல்லையே."

"சரி. 'இண்டைக்கு இந்த வள்ளத்தில ஆர் போகலாம்?' எண்டு கேட்டால் உங்கட டேபிள் மறுமொழி சொல்லுமோ?"

இன்றைக்கு! என் தொடர்பு அட்டவணையில் திகதி இல்லை. யார் எந்த வள்ளத்தில் என்று இருந்தது, எப்போதிலிருந்து எப்போது வரை என்று இல்லை. அன்று பின்னேரமே இரண்டு திகதிகளைச் சேர்த்தேன்: தொடக்கம், முடிவு. அந்த இரண்டு திகதிகளின் பெருமை சிவபாதம் சேருக்குத்தான். மற்றதெல்லாம் என்னுடையது.

நெகிழ்வு என்றதும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவது என்று நினைக்கிறார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் விட்டிருந்தேன். சில்லறை அட்டவணையில் விசயத்தின் பெயரை ஆளாளுக்குத் தோன்றியபடி அடித்தார்கள். ஒருவர் 'நிறம்' என்றார், ஒருவர் 'கலர்' என்றார், மூன்றாமவர் 'பெயின்ற்' என்றார். நீல வள்ளங்களைக் கேட்டால் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சிவபாதம் சேர் ஒரு விதி போட்டார். வரி எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால் விசயத்துக்கோ தொடர்புக்கோ புதுப்பெயர் வைப்பதென்றால் அவரிடம் வந்து, எதற்கு என்று சொல்லி, அவர் கையெழுத்தோடுதான் வைக்கவேண்டும். பஸ்மினாவின் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இது. வாசலை அகலமாகத் திறந்து வையுங்கள், ஆனால் வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

அட்டவணை தயாரானதும் ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்தேன். சாம்பல்தீவுச் சங்கக் கட்டடத்தில் யோகராசாவைச் சந்தித்தது அப்போதுதான். சிறிய வள்ளம், சொந்த என்ஜின், கூடப் போகிறவர்கள் இரண்டு பேர். பதிந்து முடித்து எழும்பும் நேரம் அவர் தயங்கிக்கொண்டு கேட்டார்.

"மிஸ், வீட்டில துடக்கு வந்தால் என்ன செய்யிறது?"

"துடக்குக்கும் பாசுக்கும் என்ன?"

"பிள்ளைப்பேறோ செத்தவீடோ வந்தால் துடக்குக் கழியுமட்டும் நாங்கள் வள்ளத்தில கால் வைக்கமாட்டம், வலையும் தொடமாட்டம். அப்ப எனக்குப் பதிலா மச்சான் தவம்தான் போவார். மனிசிக்கு இது மாதம். பிள்ளை பிறந்தால் ஒரு மாதத்துக்குக் கிட்ட நான் கரையிலதான். வள்ளம் சும்மா கிடந்தால் ரெண்டு வீட்டுக்கும் அடுப்பு எரியாது."

பக்கத்தில் நின்ற தவராசா, அவருடைய மனைவியின் அண்ணன், தலையை ஆட்டினார். அதிகம் கதைக்காத மனிதர். மேலிடத்துப் படிவத்தைப் போட்டவருக்குத் துடக்கைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எங்கள் கரையோரத்தில் கடலுக்குப் போகும் ஆட்களைக் காற்றை விட அதிகமாக மாற்றுவது துடக்குத்தான். நான் ஓர்ஸ் ஹில்லுக்குத் திரும்பி, சிவபாதம் சேரிடம் போய், 'பதில் ஆள்' என்று ஒரு புதுத் தொடர்புக்குக் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு எதற்கு என்று விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் வீட்டிலும் துடக்கு வரும்தானே.

யோகராசாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சங்கம் அறிவித்தது. கடலுக்குப் போகும் ஆள் மாறினால் அந்த வள்ளத்தின் எல்லாப் பெயரையும் புதுவரிகளாகப் பதிவது எங்கள் வழக்கம்; அப்படி மற்ற மூவருக்கும் கீழே தவராசாவைப் பதில் ஆளாக நானே பதிந்தேன். அன்று பதிந்த வரிகளின் பட்டியல் வழக்கம்போல இரட்டைத் தாளில் அச்சாகி மேலிடத்துக்குப் போனது. அதற்கு மறுநாள் ஓர்ஸ் ஹில்லில் மின்சாரம் நின்றது. அது புதினமில்லை, அடிக்கடி நிற்கும். மத்தியானம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போது ஒரு பெண் படியேறி ஓடிவந்தாள். தலைமயிர் கலைந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. தவராசாவின் மனைவி வசந்தா.

"மிஸ், அவரைப் பிடிச்சுப் போட்டாங்கள். தாளில பேர் இல்லையாம். வள்ளத்தையும் மறிச்சுப் போட்டாங்கள். பின்னேரம் வாகனம் வருமாம், அதில ஏத்தி அனுப்பப் போறாங்களாம்."

"எங்க அனுப்பப் போகினம்?"

"ஆர் சொல்லுறது? வேற மாவட்டம் எண்டுறாங்கள். போனால் எங்க எண்டு தேடுறது மிஸ்?"

அந்த வாகனத்தில் ஏறியவர்கள் சிலர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். சிலர் மாதக்கணக்கில் வரவில்லை. வராமலே போனவர்களும் இருந்தார்கள். பெயரை நான் பதிந்தது நிச்சயம். அப்படியானால் எங்கே போயிற்று?

சிவபாதம் சேர் பதறவில்லை. கோவையைத் திறந்து கீழ்த்தாளை எடுத்தார், அடிமட்டத்தை வைத்தார். யோகராசாவின் வள்ளத்துக்கு நான்கு வரிகள் இருந்தன. யோகராசா, கூடப் போகும் இருவர், கடைசியில் தவராசா, பதில் ஆள், தொடக்கத் திகதியோடு.

"மேலிடத்தில இன்னும் அந்த மூண்டு கட்டப் படிவத்திலதான் மாத்தி எழுதுகினம்" என்றார். "நாலாவது ஆளுக்குக் கட்டம் இல்லை. விட்டுப் போட்டினம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே எவ்வளவு நெகிழ்வாகச் செய்தாலும், வழியில் ஒரு விறைத்த படிவம் உட்கார்ந்திருந்தால் ஆள் அதற்குள்ளே வெட்டுப்பட்டுப் போகிறான். மின்சாரம் இல்லாததால் புதிதாக அச்சடிக்கவும் ஏலாது. மேலிடத்துக்குப் போய்த் திருத்தி வாங்க நேரமில்லை. சிவபாதம் சேர் கீழ்த்தாளைச் சுருட்டாமல் ஓர் அட்டையில் வைத்துக்கொண்டு எழும்பினார். "வாங்கோ மிஸ். நீங்களும் வாங்கோ பிள்ளை" என்றார் வசந்தாவிடம்.

இறங்குதுறையில் ஓர் இளம் அதிகாரி. கண்ணாடி போட்டவர், களைத்த முகம். தவராசா சற்றுத் தள்ளி மணலில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், எழும்ப விடவில்லை. சிவபாதம் சேர் சிங்களத்தில் கதைத்தார். கெஞ்சவில்லை, உரத்துப் பேசவும் இல்லை. எங்கள் தாளை நீட்டி, இந்த ஆள் முறைப்படி பதியப்பட்டவர் என்றார்.

அதிகாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கள் இடத்தில் கணினி இருக்கிறது. பிடித்த பிறகு பெயரை அடித்துக்கொண்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மின்சாரம் இல்லை என்று சொல்லலாம், அவர் நம்பவேண்டுமே. வசந்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் தமிழில் சேரிடம் சொன்னேன், அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார்.

"உங்களிடம் இருக்கிற தாளைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இடது பக்கத்தில் இலக்கம் இருக்கிறதா?"

இருந்தது. மேலிடத்தில் மாற்றி எழுதியவர் நான்காவது ஆளை விட்டாரே தவிர, எங்கள் இலக்கங்களைக் கவனமாகப் பார்த்து எழுதியிருந்தார். சேர் அடிமட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்! அதை அதிகாரியின் தாளில் வைத்தார். யோகராசாவின் வள்ளத்துக்கு மூன்று பெயர், மூன்று இலக்கம். அடுத்து ஒரு கிண்ணியா வள்ளம். அதன் முதல் பெயருக்கு இருந்த இலக்கம் ஒன்றைத் தாண்டிப் போயிருந்தது. நடுவில் ஓர் இலக்கத்தைக் காணவில்லை.

"அந்தக் காணாமற்போன இலக்கம் இதோ" என்று எங்கள் தாளில் தவராசாவின் வரியைக் காட்டினார். "இலக்கம் பதியப் பதியத்தான் ஏறும், பின்னால் போகாது. இந்தக் கிண்ணியா வள்ளம் உங்கள் தாளில் நேற்றே இருக்கிறது. அதற்கு முந்திய இலக்கத்தை நான் இன்றைக்கு எப்படி உண்டாக்குவது? உங்கள் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லி எப்படிக் கேட்டிருப்பேன்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விரலால் தன் தாளை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். வேறெங்கும் இலக்கம் தவறவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். இன்னொரு முறை தடவினார்.

"ஏன் விட்டார்கள்?"

"படிவத்தில் மூன்று கட்டம். வள்ளத்தில் நான்கு பெயர்."

"படிவம் நான் போட்டதில்லை" என்றார் அவர். அதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. பிறகு எங்கள் தாளைப் பார்த்துத் தன்னுடையதில் அந்த இலக்கத்தையும் பெயரையும் தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். தவராசாவை எழும்பச் சொன்னார். வள்ளத்தையும் விட்டார்கள். மீன் பழுதாகிப் போயிருந்தது. வசந்தா தவராசாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வரும் வழியில் சிவபாதம் சேர் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்று, "இலக்கம் உங்களுக்கு ஞாபகம் வந்தது நல்லது, மிஸ்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய புகழ்ச்சி. நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த நாள் மின்சாரம் வந்துவிட்டது. மேலிடத்துக்கு ஒரு நீளமான கடிதத்தைச் சிவபாதம் சேர் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். அதில் 'தயவுசெய்து' நிறைய இருந்தது. அந்த நேரம் தவராசாவும் வசந்தாவும் வந்தார்கள். இருவருக்கும் கதிரை போட்டோம். தவராசா உட்கார்ந்தார், வசந்தா உட்காரவில்லை.

"மிஸ், இவற்ற பேருக்கு முடிவுத் திகதி போடுங்கோ. இண்டையோட" என்றாள் வசந்தா.

நான் தவராசாவைப் பார்த்தேன்.

"துடக்குக் கழியேல்லை மிஸ்" என்றார் அவர். "மச்சான் இன்னும் கரையிலதான். நான் நிண்டால் வள்ளமும் நிக்கும். தங்கச்சி பச்சை உடம்புக்காரி, அவளுக்குப் பத்தியம் வைக்க வீட்டில ஒண்டுமில்லை. நான் போகத்தான் வேணும்."

"நேற்று என்ன நடந்தது எண்டு தெரிஞ்சும் போவீங்களோ?"

"தெரிஞ்சுதான் சொல்லுறன். துடக்குக் கழியிற நாளை முடிவாப் போடுங்கோ மிஸ்."

அறையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டார்கள். வசந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என் மேசைக்கு வந்து திரையைக் காட்டிக் கேட்டாள்.

"இதில ஒரு வள்ளத்துக்கு எத்தினை பேரையும் போடலாம் எண்டு சங்கத்தில சொன்னனீங்களாம் என்ன?"

"ஓம்."

"அப்ப என்ர பேரையும் போடுங்கோ."

"நீங்கள் கடலுக்குப் போறேல்லையே?"

"நான் கரையில நிக்கிற ஆள். அப்பிடியே போடுங்கோ."

அப்படியொரு தொடர்பு எங்களிடம் இருக்கவில்லை. நான் சிவபாதம் சேரின் பக்கம் திரும்பினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அது எதுக்குப் பிள்ளை?" என்று கேட்டார்.

"நேற்று அவரைப் பிடிச்சதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா. மீன் வாங்க வந்த ஆக்கள் கதைச்சதைக் கேட்டுத்தான் ஓடி வந்தனான். அவை வராமல் விட்டிருந்தால் நான் சோத்தை ஆக்கி வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பன். வாகனமும் போயிருக்கும். இவருக்கு ஏதும் நடந்தால் ஆருக்குச் சொல்லவேணும் எண்டு அந்தத் தாளில இருக்கவேணும். எனக்குச் சொல்லவேணும். நான் இவற்ற மனிசி."

சிவபாதம் சேர் புதுப்பெயர்களுக்கு அனுமதி எழுதும் தாளை இழுத்து, 'கரையில் நிற்பவர்' என்று எழுதி, எதற்கு என்ற இடத்தில் 'அறிவிக்கப்படவேண்டியவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனையை மூடிவிட்டு, "மேலிடத்துக் கடிதத்தில இதையும் ஒரு பந்தியாச் சேருங்கோ மிஸ்" என்றார்.

நான் பதிந்தேன். அட்டவணையில் ஒரு கட்டத்தைக்கூட மாற்றவில்லை, ஒரு கோட்டைக்கூடப் புதிதாகக் கீறவில்லை. ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பெரிய வேலைகள் செய்தேன், பாராட்டுக் கடிதங்களும் வைத்திருக்கிறேன். ஆனால் என் வேலை எதற்கு என்று எனக்கே முழுதாக விளங்கியது அந்த வரியை அடித்தபோதுதான்.

"வாசிச்சுக் காட்டுங்கோ மிஸ்" என்றாள்.

அவள் பெயரையும், வள்ள இலக்கத்தையும், 'கரையில் நிற்பவர்' என்பதையும் வாசித்தேன். அவள் தலையை ஆட்டினாள். தவராசா எழும்பிக் கதிரையை அவளுக்குத் தள்ளிவிட்டார். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

படிவத்தை மாற்ற மேலிடத்துக்கு நெடுநாள் பிடித்தது. இறங்குதுறையில் அந்தக் கண்ணாடி போட்ட அதிகாரி மட்டும் எங்கள் தாளையே நேரடியாக வாங்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினார். தவராசா துடக்குக் கழியும் வரை ஒவ்வொரு நாளும் போனார், ஒவ்வொரு நாளும் வந்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் சாம்பல்தீவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கூட்டமாக. மனைவிமார், தாய்மார், ஒரு வள்ளத்துக்கு ஒரு தங்கை. அடுத்த கிழமை ஒருநாள் காலை வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றார். விடியவே கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்திருக்கவேண்டும், சேலை விளிம்பு நனைந்திருந்தது. உள்ளே வரத் தயங்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கரையில நிக்கிறவங்கட பேர் பதியிறது இங்கயா?"

"ஓம்" என்றேன். "உள்ளுக்கு வாங்கோ."